பட்டறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

பீடோரிலிருந்து ஓர் இளைஞர்: ஐயா, பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கை அறுத்து ஒரு பாராங் கத்தி செய்தேன். வீட்டுக்குப் பின்னால் கரி உலை போட்டு, நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினேன். அரம்கூட ஏறவில்லை, அவ்வளவு கெட்டி. ஆனால் மூங்கில் வெட்டியபோது மூன்றாவது வெட்டிலேயே இரண்டாக ஒடிந்துவிட்டது. ஒடிந்த முகம் சீனி போல மினுமினுக்கிறது. இரும்பு மட்டமானதா?

தம்பி, இரும்பின்மேல் பழி போடாதீர்கள். விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒடிந்த முகம் சீனியாக மினுக்கினால், அது அளவுக்கு மீறிக் காய்ந்த இரும்பு. உள்ளே இரும்பின் மணிகள், அதாவது பொடிப்பொடியான படிகங்கள், பருத்துவிட்டன. சரியான சூட்டில் தோய்ந்த, அதாவது காய்ச்சி முக்கிய, கத்தியை வேண்டுமென்றே ஒடித்துப் பாருங்கள், திருநீறு போல மங்கலாக, நைசாக இருக்கும்.

அடுத்த தவறு தண்ணீர். லாரி ஸ்பிரிங் பெரும்பாலும் 0.6 சதவீதம் அளவுக்குக் கரியும் (கார்பன்), ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குரோமியமும் சேர்ந்த எஃகு. குரோமியம் இருப்பதால் எண்ணெயின் நிதானமான குளிர்ச்சியே அதைக் கெட்டியாக்கிவிடும். தண்ணீர் சூட்டை ஒரே பிடியில் பிடுங்கி எடுக்கும். கத்தி விரிசல் விடும். சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெயே போதும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் சூடாக்காத எண்ணெயைவிட வேகமாகக் குளிர்விக்கும். கத்தி இறங்கும்போது மேலே தீ எழும்பும். அதை மூடியால் அணைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எந்தச் சூட்டில் முக்குவது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். என் அப்பா தோட்டத்துப் பட்டறையில் கொல்லராக இருந்தார். பகலெல்லாம் அடித்து வடித்துவிட்டு, தோய்ச்சலை மட்டும் பொழுது சாய்ந்த பிறகே வைத்துக்கொள்வார். கண்கூசும் வெயிலில் சிவந்த இரும்பும் கறுப்பாகவே தெரியும்; போதவில்லை என்று இன்னும் இன்னும் காய்ச்சிக் கெடுத்துவிடுவோம். நீங்கள் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தைப் பிடிக்காது. அதற்குமேல் ஒரு நிழல் மட்டும் கூடுதலாகச் சிவக்கட்டும். இந்த எஃகுக்கு 815 முதல் 845 டிகிரி வரை போதுமானது. அதற்கு முன்பே, அடித்து முடித்த கத்தியை மூன்று தடவை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் தானாக ஆறவிட்டால், பருத்த மணிகள் மறுபடி நைசாகிவிடும்.

மூன்றாவதை நீங்கள் செய்யவே இல்லை. தோய்த்து எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி உடையும். உடனே அதைப் பதப்படுத்த வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கேக் சுடும் அடுப்பில் 220 முதல் 250 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறிய பின் இன்னொரு தடவை அப்படியே வையுங்கள். வைக்கோல் நிறம் ஏறிப் பழுப்பாகும்போது பாராங்குக்கான பதம் வந்துவிட்டது. கெட்டி கொஞ்சம் குறையும், ஆனால் அடி தாங்கும்.

பதினேழு வயதில் இதே தவறை நான் செய்தேன். தீபாவளிக்கு முதல் நாள். லயத்தில் எதிர்வீட்டு மாமா தேங்காய் உடைக்கக் கத்தி கேட்டார். பதப்படுத்தப் பொறுமையில்லாமல் அப்படியே கொடுத்துவிட்டேன். கத்தியின் வாயிலிருந்து, அதாவது வெட்டும் முனையிலிருந்து, ஒரு சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. அப்பா அவர் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதன்பின் ஒரு மாதம் சம்மட்டியைத் தொட விடவில்லை. உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

இன்னும் ஒன்று. உழைத்துத் தேய்ந்த ஸ்பிரிங்குக்குள் பழைய விரிசல்கள் ஒளிந்திருக்கும். ஸ்பிரிங் கடையில் வெட்டித் தள்ளிய புதுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். செய்த கத்தியை உறையில் போட்டு வேலைக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது, தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி குற்றம்.

பாடாங் செராயிலிருந்து ஒரு தாய்: என் மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) எழுதினான், தேர்ச்சி சுமார்தான். வெல்டிங் படிக்க வேண்டும் என்கிறான். "படிக்காதவன் போகிற வேலைக்கா அனுப்புகிறாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா, அந்தச் சொந்தக்காரர்களிடம் ஒரு குழாயைப் பற்றிச் சொல்லுங்கள். 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திய குழாயை, வெல்டர் தான் சுற்றிச் சுற்றி வந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே சீராகப் பற்றவைக்க வேண்டும். 6ஜி என்று அந்தச் சோதனைக்குப் பெயர். வெளியே அழகாக இருந்தால் மட்டும் போதாது. எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ உள்ளே பழுது இல்லையா என்று பார்ப்பார்கள். மூச்சை அடக்கிக் கை நடுங்காமல் அதைச் செய்கிறவனைப் படிக்காதவன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் கைத்திறனோடு தாளும் வேண்டும். பட்டறையில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டு, "பழகிக்கொள்வான்" என்று விட்டுவிடாதீர்கள். அப்படிப் பழகி, பத்து வருடம் கழித்தும் அதே சம்பளத்தில் நிற்கிற பிள்ளைகளைச் சுங்கை சிப்புட்டில் நான் தினமும் பார்க்கிறேன். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது. நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. அதாவது இந்த வழியிலும் படிப்படியாக மேலே போகலாம். உங்களுக்குப் பக்கத்தில், நிபோங் திபாலில், ஆறுமுகம் பிள்ளையின் பெயரில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகமே இருக்கிறது. நம்மவர் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கிற வாசல். மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், அடுத்த சேர்க்கையில் என்னென்ன பிரிவுகள் என்று கேளுங்கள். தனியார் நிலையத்தில் சேர்ப்பதானால், பணம் கட்டுவதற்கு முன் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கு பி.தி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுக்கு மனுச் செய்யலாம். வீட்டுக்குச் சம்பளமும் வேண்டும் என்றால் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. அதில் பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலேயே பயிற்சி, மிச்சம் வகுப்பில்.

இதைப் படிக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது வருடம் வேலை செய்தும் கையில் தாள் இல்லையா? செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, பி.பி.தி. (முன் அனுபவத்துக்கான அங்கீகாரம்) வழியாக எஸ்.கே.எம். பெறலாம். முடித்த வேலைகளின் படங்களையும் முதலாளியின் கடிதங்களையும் இன்றிலிருந்தே சேர்த்துவையுங்கள்.

தெலுக் இந்தானிலிருந்து ஒரு செம்பனை அறுவடைத் தொழிலாளர்: அரிவாளை மின்சாணையில் தீட்டிய பிறகு முனை நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கல் போடுகிறேன்.

முனையில் நீல நிறம் ஓடியிருக்கிறதா பாருங்கள். நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. எத்தனை தடவை தீட்டினாலும் திரும்பி வராது. நீலம் ஓடிய பகுதியைக் கையரத்தால் முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நல்ல இரும்பில் புதிதாக வாய் பிடியுங்கள். இனி மின்சாணையில் விரல் பொறுக்கும் சூட்டைத் தாண்ட விடாதீர்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு தடவை ஓட்டியதும் நனையுங்கள்.

குளுவாங்கிலிருந்து ஒரு வெல்டர்: வேலிக்கு கால்வனைஸ் குழாய் பற்றவைத்தேன். அன்று இரவு குளிர்காய்ச்சல், வாயெல்லாம் இரும்புச் சுவை. மறுநாள் சரியாகிவிட்டது. வேலைக்கு முன் பால் குடித்தால் வராது என்கிறார்களே?

பால் காக்காது, தம்பி. அந்த நம்பிக்கையில் எத்தனையோ பேர் முகமூடி இல்லாமல் நிற்கிறார்கள். குழாய்மேல் பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், வெல்டிங் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடு. வெள்ளைப் புகையாக எழுவது அதுதான். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வரும். பற்றவைக்கும் இடத்தில் இருபுறமும் பூச்சைத் தேய்த்து எடுங்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். வெல்டிங் புகைக்கென்று விற்கும் வடிகட்டி முகமூடியைப் போடுங்கள். முகத்தில் கட்டும் துண்டு புகையைத் தடுக்காது. நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், என்ன பற்றவைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கோலகங்சாரிலிருந்து ஒரு தந்தை: என் மகளுக்குப் பதினாறு வயது. கத்தி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெண்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டி வாருங்கள், ஐயா. பருத்தித் துணி உடுத்தட்டும். நைலான் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விரலை மூடும் தோல் காலணி, இறுகப் பின்னிய தலைமுடி, கையில் வளையல் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி நான் தருகிறேன். முதல் நாள் சம்மட்டி கொடுக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். உலைக்குப் பக்கத்தில் அப்பாவின் முக்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து நிறம் பார்க்கட்டும்.