கிச்சன் சிம்னில ஹீட் லேம்ப் வெச்சா பிரயோஜனம் உண்டா?

ஹீட் லேம்ப்னா சமைச்சு இறக்கினத சூடா வெச்சிருக்கிற பல்பு, அவ்ளோதான். அமெரிக்கால பெரிய சிம்னிகள்ல அடுப்புக்குப் பின்பக்க ஷெல்ஃபுக்கு நேர் மேல மாட்டுவாங்க, ஒவ்வொண்ணும் 250 வாட் வரை இழுக்கும். இது காத்த சூடாக்குறதில்ல, இன்ஃப்ராரெட் கதிர் நேரா சாப்பாட்டு மேல விழுந்து மேல்பக்கத்த சூடாக்கும், மார்கழி காலைல மொட்டைமாடில நின்னா காத்து சில்லுன்னு இருந்தாலும் வெயில் பட்ட முதுகு மட்டும் சுடுமே, அதே கதைதான். அதனால பொரிச்சது கொஞ்ச நேரம் மொறுமொறுன்னே நிக்கும், குழம்புன்னா மேல ஏடு கட்டிடும், அடில ஆறிப்போயிருக்கும். அடிக்கடி விருந்து வெக்கிற வீடுன்னா ஓகே, நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு (என்னக் கேட்டா) தண்டம், ஓவன 80 டிகிரில வெச்சாலே போதும். ஆறினத இதுல திரும்ப சூடு பண்ணிக்கலாம்னு பலபேர் நினைக்கிறாங்க, அது நடக்காது, சூடா வெச்சத ஆறாம பாத்துக்க மட்டும்தான் இது.