வேலூர் பக்கம் நடக்குற எம்டிபி எண்டூரன்ஸ் ஈவண்ட்ல (மலைச் சைக்கிள்ல மணிக்கணக்கா ஓட்டுற போட்டி) முதல் தடவை கலந்துக்கலாம்னு இருக்கேன், விலை கம்மியான சைக்கிள்தான் இருக்கு, முடியுமா?

தாராளமா முடியும்ங்க, பேரு குடுத்துடுங்க.

ஜவ்வாது மலை அடிவாரத்துல, அமிர்தி ரோட்டுப் பக்கம் நம்ம ஊரு பசங்களே சேர்ந்து நடத்துற ஆறு மணி நேர ஈவண்ட்ல நான் ஓட்டியிருக்கேன். ஒரே மண் ரோட்டுல திரும்பத் திரும்ப சுத்தி வரணும், டைம் முடியறதுக்குள்ள யாரு நெறய சுத்து போட்டாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. அங்க லட்ச ரூபா சைக்கிள்ல வந்தவங்களே பாதியில மர நிழல்ல காலை நீட்டி ஒக்காந்துட்டாங்க, ஆனா சாதா அலுமினிய ஃப்ரேம், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்ல குடியாத்தத்துல இருந்து வந்த ஒரு அண்ணன் கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல சுத்திகினே இருந்தாரு. முதல் ஒரு மணி நேரம் அடக்கி ஓட்டுனாரு, பசி வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டுகினு இருந்தாரு, அவ்ளோதான் ரகசியம்.

விசில் அடிச்சதும் எல்லாரும் பறப்பாங்க, நீங்க அவங்களைத் தொரத்திகினு போவாதீங்க. பக்கத்துல வர்றவர்கிட்ட மூச்சு வாங்காம ரெண்டு வார்த்தை பேச முடியணும், அதுதான் உங்க வேகம். முக்கி முக்கி மிதிச்சா ஒடம்பு சேத்து வெச்சிருக்குற மாவுச்சத்து, அதான் கிளைகோஜன், ரெண்டு மணி நேரத்துக்குள்ள காலியாயிடும், அப்புறம் காலு சொன்ன பேச்சு கேக்காது. கல்லு உருளுற செங்குத்து ஏத்தம் வந்தா எறங்கி தள்ளிகினு நடங்க, நல்லா ஓட்டுறவங்களே அதைத்தான் பண்றாங்க.

மணிக்கு 30 லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போவணும். ஒரு வாழைப்பழத்துல ஏறக்குறைய 25 கிராம் இருக்கும், கூட கடலை மிட்டாய், பேரிச்சம்பழம் பாக்கெட்ல போட்டுக்கங்க, பாரின் ஜெல் எல்லாம் தேவையே இல்ல. நம்ம ஊரு வெயில்ல வெறும் தண்ணி மட்டும் குடிச்சிகினே இருந்தாலும் ஆபத்துதான், வேர்வையில உப்பும் போவுது இல்ல, அதனால ஓஆர்எஸ் எடுத்துக்கங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு உண்டானது, அதை அரை லிட்டர் பாட்டில்ல கொட்டிக் கலக்காதீங்க, வயிறு பொரட்டும். வழியில ஊர்க்காரங்க சொம்புல மோரு குடுப்பாங்க, "இன்னா கண்ணு, இந்த வெயில்ல எங்க போற"ன்னு கேக்குற ஆயாகிட்ட நின்னு வாங்கிக் குடிங்க, அந்த அரை நிமிஷத்தால ஒண்ணும் கொறஞ்சிடாது, அதுல வர்ற தெம்பு வேற.

இப்ப முக்கியமான விஷயம், வேலிகாத்தான் முள்ளு. நம்ம பக்கம் ஏரிக்கரை, பாலாத்து ஓரம், மண் ரோடு எங்க பார்த்தாலும் அதான், காஞ்சு கெடக்குற முள்ளு சாதா டயரை அப்படியே துளைச்சிடும். முடிஞ்சா டியூப்லெஸ் ஆக்கி, ஓட்டை அடைக்கிற சீலன்ட் திரவம் ஊத்துங்க, சின்ன ஓட்டைய அதுவே அடைச்சுக்கும், ஆனா நம்ம வெயிலுக்கு அது சீக்கிரம் காஞ்சிடும், ஈவண்டுக்கு முன்னாடி தொறந்து பார்த்துடுங்க. டியூப்தான்னா ரெண்டு ஸ்பேர், பேட்ச், கைப் பம்பு கட்டாயம், டயருக்குள்ள கைய விட்டுத் தடவி முள்ளை எடுக்காம புது டியூப் போட்டீங்கன்னா அதுவும் போச்சு. காத்து விஷயத்துல கடைக்காரர் பேச்சைக் கேக்காதீங்க, கல்லு மாதிரி அடிச்சு விட்டுடுவாரு, மண்ணுல கிரிப்பே இருக்காது. எழுபது கிலோ ஆளுக்கு, 2.2 இன்ச் டயர்ல டியூப் இருந்தா 30 பிஎஸ்ஐ கிட்ட வெச்சு ஓட்டிப் பாருங்க.

பயிற்சிக்கு ஏலகிரி இருக்கே. பொன்னேரியில ஆரம்பிச்சு 14 கொண்டை ஊசி வளைவும் நிக்காம, லேசான கியர்ல ஏறிப் பழகுங்க, விடிகாலையில போங்க, அப்புறம் வண்டி கூட்டம் வந்துடும். ஆனா அது தார் ரோடு, எறங்குறப்ப மண்ணுல பிரேக் புடிக்கிற பழக்கம் தனியா வேணும்: பெடல் ரெண்டும் சமமா, ஒடம்பு பின்னாடி தள்ளி, முன் பிரேக்கை திடீர்னு இறுக்காம.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரூட்டு எங்க போவுதுன்னு மட்டும் கேட்டுக்கங்க. காப்புக்காட்டுக்குள்ள போவுதுன்னா வனத்துறை அனுமதி வாங்கியிருக்கணும், லெட்டர் இருக்கான்னு கேக்கலாம், ஒழுங்கா நடத்துறவங்க காட்டிடுவாங்க.