நாயோடு எடின்பரோ சுற்றலாம்: கேள்வி பதில்

எடின்பரோவை நாயோடு சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். எங்கள் லாப்ரடார் கருவாச்சியோடு காலையும் மாலையும் நடப்பதில் தெரிந்துகொண்டவைதான் பெரும்பாலும்.

அக்கா, ஜூலையில் மான்செஸ்டரிலிருந்து இரண்டு நாளைக்கு வருகிறோம். கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா மூன்றையும் பார்க்க ஆசை. எங்கள் பீகிள் நாயையும் உள்ளே விடுவார்களா?

மூன்றிலும் விடமாட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஒருவர் உள்ளே போக, இன்னொருவர் நாயோடு வெளியே இருக்க, மாறி மாறிப் பார்க்கலாம். தாவரவியல் பூங்காவுக்கு எதிரிலேயே இன்வர்லீத் பூங்கா இருப்பதால் அங்கே காத்திருப்பது சிரமமே இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், இரண்டே நாள் இருக்கும்போது நாய்க்குக் கதவு சாத்தியிருக்கும் இடங்களில் நேரத்தைக் கரைக்காதீர்கள். இந்த ஊரின் ஆறு, மலை, கடற்கரை எல்லாமே நாய்க்குத் திறந்துதான் கிடக்கின்றன. முதல் நாள் வாட்டர் ஆஃப் லீத் ஆற்றங்கரை, இரண்டாம் நாள் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலெர்னோவிலிருந்து லீத் துறைமுகம் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடைபாதை. முழுவதும் நடக்க வேண்டாம், டீன் வில்லேஜிலிருந்து ஸ்டாக்பிரிட்ஜ் வரையிலான துண்டு போதும். ஊருக்கு நடுவே பள்ளத்தில் ஆறு ஓடுகிறது, மேலே பாலத்தில் பஸ் போவதே தெரியாது. சிற்பி ஆன்டனி கோர்ம்லி செய்த இரும்பு மனிதர்கள் சிலர் ஆற்றுக்குள்ளேயே நிற்பார்கள். கருவாச்சி முதல் தடவை பார்த்தபோது முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, அந்த ஆள் நகர்வானா என்று வெகுநேரம் குரைத்தாள். உங்கள் பீகிளும் விடாது.

கோட்டைக்குள் போகிறவர் ஒன்றை மட்டும் தவறவிட வேண்டாம். படைவீரர்களின் நாய்களைப் புதைத்த சின்ன இடுகாடு அங்கே இருக்கிறது, 1840-களிலிருந்து இருப்பது. மேலே நின்று எட்டித்தான் பார்க்க முடியும். சுவரோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கல்லறைக் கற்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு அங்கிருந்து நகர மனம் வராது.

பாபி நாயின் சிலை பற்றிச் சொல்லுங்கள். நிஜக் கதையா?

ஜான் கிரே என்ற இரவுக் காவலர் 1858-இல் இறந்தார். அவரை கிரேஃபிரையர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய ஸ்கை டெரியர் பாபி 1872-இல் தான் சாகும்வரை அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை என்பது ஊர் சொல்லும் கதை. அந்த நாய் உண்மையில் யாருடையது, ஒரே நாய்தானா என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் நாய் இருந்தது உண்மை. 1867-இல் உரிமம் இல்லாத நாய்களைக் கொல்லலாம் என்ற நிலை வந்தபோது, நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் தன் கைக்காசில் பாபிக்கு உரிமம் எடுத்து, கழுத்துப்பட்டையும் மாட்டிவிட்டார். அந்தப் பட்டை கேனன்கேட்டில் உள்ள எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய்க்காக ஊரின் தலைவரே பணம் கட்டினார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

சிலை 1873-இல் வில்லியம் பிரோடி செய்தது. உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கு மட்டும் தங்கம்போல் மின்னும். தொட்டால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, சுற்றுலாக்காரர்கள் தேய்த்தே மூக்கைக் கரைக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். ஏதாவது செய்யத் தோன்றினால், கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே பாபியின் நினைவுக் கல் இருக்கிறது. அங்கே ஒரு குச்சியை வைத்துவிட்டு வாருங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே உங்கள் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள், அது கல்லறை இடம்.

அங்கிருந்து இறங்கி பிரின்சஸ் தெருவுக்கு வந்தால், 61 மீட்டர் உயர ஸ்காட் நினைவுச் சின்னத்துக்குள் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் சிலையாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவருடைய நாய் மைடா. கொஞ்சம் மேலே ஜார்ஜ் தெருவின் கிழக்கு முனையில் இயற்பியல் அறிஞர் மேக்ஸ்வெல், காலடியில் அவருடைய நாய் டோபி. பிரின்சஸ் தெருப் பூங்காவின் மேற்குப் பக்கம் பம் என்ற நாய்க்கும் சிலை உண்டு, சகோதர நகரமான சான் டியாகோ கொடுத்தது. நான்கையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பிள்ளைகள் உடன் வந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆர்தர்ஸ் சீட் மலையில் நாய் ஏறுமா?

ஏறும். 251 மீட்டர்தான். டன்சாப்பி ஏரிப் பக்கத்திலிருந்து ஏறினால் பாதி உயரம் ஏற்கெனவே கையில் இருக்கும், புல் சரிவு, நாய்க்கு இதம். உச்சியில் மட்டும் எரிமலைப் பாறை, கோடிக் கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்டது. மழை பெய்திருந்தால் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுங்கள், காட்சி அங்கிருந்தும் அருமை. பாறை முகட்டோரம் காற்று பலமாக அடிக்கும் என்பதால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். கோடையின் தொடக்கத்தில் தரையில் கூடு கட்டும் பறவைகளும் உண்டு.

எங்கள் நாய்க்கு வெடிச்சத்தம் என்றாலே நடுக்கம். எந்த மாதம் வந்தால் நல்லது?

மாதத்தைவிட மணியைக் கவனியுங்கள். கோட்டையிலிருந்து தினமும் பகல் சரியாக 1 மணிக்கு பீரங்கி வெடிப்பார்கள். லீத் துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1861-இல் தொடங்கிய வழக்கம். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களில் மட்டும் கிடையாது. பிரின்சஸ் தெருப் பூங்கா நேரே அதற்குக் கீழே இருக்கிறது. தெரியாமல் அங்கே புல்வெளியில் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருப்பவர்களின் நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டரைக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பி ஆற்றங்கரைக்கோ மெடோஸ் என்ற புல்வெளிப் பூங்காப் பக்கமோ போய்விடுங்கள். தூரத்தில் சத்தம் கேட்கும், ஆனால் நெஞ்சில் இடிக்காது.

மற்றபடி, ஆகஸ்டில் கோட்டையில் ராணுவ இசை நிகழ்ச்சி, இரவில் வாணவேடிக்கை, தெருவெல்லாம் கூட்டம். ஊரெல்லாம் வெடி வெடிக்கும் நவம்பர் 5-ஐ ஒட்டிய நாட்களும் ஆண்டின் கடைசி இரவும் உங்கள் நாய்க்கு வேண்டவே வேண்டாம். மே, ஜூன், செப்டம்பர் நல்லவை.

கிராமண்ட் தீவுக்கு நடந்தே போகலாமாமே?

போகலாம், ஆனால் இதை இரண்டு தடவை படியுங்கள். கடல் உள்வாங்கும்போதுதான் பாதை வெளியே வரும். கடல் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும்தான் பாதுகாப்பு. பாதை தொடங்கும் இடத்தில் அன்றைய நேரம் எழுதிய பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, திரும்பிவர வேண்டிய நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். தண்ணீர் முன்னால் வருவதுபோலத் தெரியாது, பக்கவாட்டில் ஏறிப் பாதையை மூடிவிடும். சிக்கிக்கொண்டவர்களை மீட்க உயிர்காப்புப் படகு வரவேண்டியிருப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. நாய் ஒரு பறவையைத் துரத்திக்கொண்டு தீவின் மறுபக்கம் போய்விட்டால் அரைமணி நேரம் போச்சு, அதனால் தீவிலும் கயிறுதான். பாதையோரம் பல் வரிசைபோல் நிற்கும் கான்கிரீட் தூண்கள் இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படகுகளைத் தடுக்க நட்டவை.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் போர்ட்டோபெல்லோ போங்கள். நீண்ட மணல் கரை, ஓட நிறைய இடம்.

பஸ், டிராம், ரயிலில் நாய்க்கு டிக்கெட் உண்டா?

இல்லை. பஸ்ஸில் ஓட்டுநர் சரி என்றால் ஏறலாம், பெரும்பாலும் சரி என்பார்கள். டிராமிலும் விடுகிறார்கள். ரயிலில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை கூட்டிப் போகலாம். எல்லாவற்றிலும் கயிறு வேண்டும், இருக்கையில் ஏற்றக்கூடாது. போர்ட்டோபெல்லோவுக்கு 26-ஆம் எண் பஸ், கிராமண்டுக்கு 41.

எங்கள் நாய்க்கு வயது பதினான்கு, மூட்டுவலி. இந்த ஏற்ற இறக்கமான ஊருக்கு வரலாமா?

கண்டிப்பாக வாருங்கள். பழைய நகரின் குறுகிய படிக்கட்டுச் சந்துகளை மட்டும் விட்டுவிடுங்கள். கல் பாவிய தெருக்களும் வயதான கால்களுக்குக் கடினம். மெடோஸ் முழுக்கச் சமதளம். அதைவிட நல்லது யூனியன் கால்வாய். 1822-இல் திறந்தது, லாக்ரின் பேசினில் தொடங்கும் கரைப்பாதையில் ஏற்றமே கிடையாது. சைக்கிள்கள் வேகமாக வரும், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். அன்னப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு, நாய் நிற்கும் இடத்தில் நின்று, மோந்து முடிக்கும்வரை காத்திருந்து நடங்கள். வயதான நாய்க்கு அந்த மோப்பம்தான் ஊர் சுற்றுவது.

பென்ட்லண்ட் மலைகளில் அவிழ்த்து விடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி மலை, காடு, வெளி எங்கும் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, நாயை அடக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற பொறுப்போடு. பென்ட்லண்டில் செம்மறிகள் மேய்கின்றன. நாய் ஆட்டைத் துரத்தினாலே குற்றம், கடிக்க வேண்டியதில்லை. 2021-இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், அபராதம் 40,000 பவுண்டு வரை, அல்லது 12 மாதம் வரை சிறை. குட்டி போடும் வசந்த காலத்தில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும் வயலுக்குள் நுழையவே வேண்டாம், சுற்றிப் போங்கள். சினை ஆடு பயந்து ஓடினால் குட்டி கலைந்துவிடும், அந்த விவசாயியின் ஓராண்டு உழைப்பு அது. மாடுகள் துரத்தி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

ஊருக்குள் அவிழ்த்து ஓடவிட ஆசை என்றால் ஹெர்மிடேஜ் ஆஃப் பிரெய்ட், பிளாக்ஃபோர்ட் குன்று போதும். கூப்பிட்டால் வருகிற நாயாக இருக்க வேண்டும். கழிவை அள்ளாமல் போனால் 80 பவுண்டு அபராதம், பை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

வேலைக்காகச் சென்னையிலிருந்து எடின்பரோவுக்கு மாறுகிறேன். என் நாயையும் கொண்டுவர எவ்வளவு காலம் ஆகும்?

குறைந்தது நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மைக்ரோசிப், அதன்பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை, அங்கீகரித்த ஆய்வகத்தில். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியாக, இங்கே வந்து சேர்வதற்கு முந்தைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்றிதழில் பதிந்து வாங்குங்கள். விமானத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது, சரக்காகத்தான் வரும். அதனால் கூண்டை இப்போதே வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள், அதற்குள் படுத்துத் தூங்கப் பழகட்டும்.