காசு போட முதல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்லைனில் காசு கட்டுவதைப் பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணன், பேஸ்புக்கில் ஒரு குட்டி ஏசி விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஜேர்மன் பொறியியலாளர்கள் கண்டுபிடித்ததாம், பத்து நிமிடத்தில் அறை குளிருமாம், இன்று மட்டும் 9,900 ரூபாவாம். அம்மாவுக்கு இந்த வெயில் தாங்கவே ஏலாது. வாங்கட்டா?
– ஆசிரியை, கல்லடி

பதில்: வேண்டாம் டீச்சர். அது ஏசியே இல்லை. பெட்டியைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்று, தண்ணீரில் நனையும் நாலைந்து மட்டைகள், அரை லீட்டர் பிடிக்கும் தாங்கி, நிறம் மாறும் ஒரு லைட், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள சூட்டை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு எடுக்கும் என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அரை லீட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் அது எடுக்கும் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சமம். அந்தத் தண்ணீர் நாலைந்து மணித்தியாலத்துக்குப் போகிறது என்றால் சராசரி 70, 80 வாட்தான் வரும். சும்மா கதிரையில் இருக்கிற ஒரு ஆளின் உடம்பே 100 வாட் அளவு சூட்டை வெளியே விடுகிறது. அம்மா அறைக்குள் வந்து இருந்தாலே பெட்டி தோற்றுப்போய்விடும். கடையில் இருக்கிற சின்ன 9,000 பிடியூ ஏசிகூட 2,600 வாட் அளவு சூட்டை வெளியே தள்ளும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்ம ஊர் விசயம் இன்னும் மோசம். ஆனி, ஆடியில் மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் அடிக்கிற நாளில், வெயில் 38 பாகைக்குக் கிட்டப் போகும்போது, காற்று காய்ந்து கிடப்பதால் இந்தப் பெட்டியை முகத்துக்கு நேரே வைத்தால் கொஞ்சம் குளிருகிற மாதிரி இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் “நல்லாயிருக்கு” என்று கமெண்ட் போடுகிறார்கள். மறுகா காற்று கடல் பக்கம் திரும்பினதும் ஈரப்பதன் ஏறிவிடும், தண்ணீர் இலேசில் ஆவியாகாது, யன்னலையும் பூட்டி வைத்திருந்தால் அறை முழுக்கப் புழுக்கம். அம்மாவுக்கு நல்ல ஸ்டான்ட் ஃபேன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பின்னேரத்தில் இரண்டு யன்னலையும் திறந்துவிடுங்கள்.

ஜேர்மன் கதையையும் சோதித்துப் பார்க்கலாம். விளம்பரப் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகிள் லென்ஸில் போடுங்கள். அதே பெட்டி, அதே நீல லைட், வேறு வேறு பெயரில் வரிசையாக வரும். சீன மொத்த விற்பனைத் தளங்களில் வருகிற இந்த மாதிரிச் சாமான்களுக்குக் கீழே “உங்கள் லோகோ அடித்துத் தரப்படும்” என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். அந்த லோகோவைப் பார்த்துத்தான் நாங்கள் 9,900 கொடுக்கப் போகிறோம்.

கேள்வி: சேர், நான் ஒரு சின்ன போன் அக்சசரீஸ் கடை வைத்திருக்கிறேன். சீனாவிலிருந்து பவர் பேங்க் எடுத்து என்ட பெயரை அடித்து விற்கலாம் என்று கூட்டாளி சொல்கிறான். அது மோசடியாகுமா?
– அக்கரைப்பற்று

பதில்: இல்லை தம்பி, பெயர் அடிப்பது மோசடி ஆகாது. உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம் அது. ஷென்சென் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே அச்சில் வார்த்த சாமான் பல பெயர்களில் பல நாடுகளுக்குப் போகிறது, பேர்போன கொம்பனிகளும் அப்படி எடுக்கின்றன. நல்ல கொம்பனி சரக்கைச் சோதித்து எடுக்கும், பழுதானால் மாற்றிக் கொடுக்கும், பெட்டியில் பொய் எழுதாது. நீங்கள் இந்த மூன்றையும் செய்வீர்களா என்பதுதான் கேள்வி.

பவர் பேங்க் என்பதால் ஒரு விசயம் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும், வாங்குகிறவர்களுக்கும் உதவும். உள்ளே பெரும்பாலும் 18650 என்கிற உருளை செல்தான் இருக்கும். நல்ல செல் ஒன்றில் அதிகபட்சம் 3,500 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜைப் பிடிக்கும் என்பதன் அளவு), நிறை 45 முதல் 50 கிராம். “50,000 எம்ஏஎச்” என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்குக் குறைந்தது 14, 15 செல் வேண்டும், செல்லின் நிறை மட்டுமே 600 கிராமைத் தாண்டும். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். மொத்தமே 200 கிராம் காட்டினால் நீங்கள் விற்கப்போவது பொய். அதைவிட மோசமான பெட்டிகளும் இருக்கின்றன, நிறை காட்டுவதற்காக உள்ளே மண் அடைத்தவை. சாம்பிள் வந்ததும் ஒன்றை உடைத்துப் பார்க்காமல் ஓடர் போட வேண்டாம்.

இன்னொன்று. உண்மையான 20,000 பவர் பேங்க்கூட போனுக்கு 20,000ஐக் கொடுக்காது. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது, 5 வோல்ட்டுக்கு மாற்றி இழப்பையும் கழித்தால் 12,000, 13,000 தான் மிஞ்சும். நேர்மையான கொம்பனிகள் அந்த இரண்டாவது எண்ணையும் பின்பக்கம் சின்ன எழுத்தில் போடும். நீங்களும் போடுங்கள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், விமானத்தில் 100 வாட்-அவர் வரைதான் கேட்காமல் கொண்டுபோகலாம், அதாவது 27,000 எம்ஏஎச் அளவு. கட்டாருக்குப் போகிற பொடியன் உங்கள் “50,000” பவர் பேங்கைக் கையில் கொண்டுபோனால், உள்ளே 5,000 தான் இருந்தாலும், எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள். உங்கள் பொய்க்கு அவன் தண்டம் கட்டுவான்.

2 டெராபைட் பென்டிரைவ் 2,000 ரூபாவுக்கு வருகிறது என்று யாரும் சொன்னால் கிட்டவே போக வேண்டாம். கம்ப்யூட்டரில் 2 டெராபைட் என்று காட்டும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்பட்டு, கலியாண வீடியோ எல்லாம் போய்விடும். எச்டூ டெஸ்ட் டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

கேள்வி: கனடாவில் இருக்கிற மருமகன் கிக்ஸ்டார்ட்டரில் மொழிபெயர்க்கிற இயர்போன் ஒன்றுக்கு 150 டொலர் கட்டி இரண்டு வருடம். சாமான் வரவில்லை, மெயில் மட்டும் வருகிறது. இப்போது அதே மாதிரி ஒன்று வேறு பெயரில் ஒன்லைன் கடையில் கிடக்கிறதாம். நாங்களும் இப்படி ஒன்றுக்குக் காசு போட இருந்தோம்.
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கல்முனை

பதில்: ஐயா, மருமகன் தான் சாமான் வாங்கியதாக நினைத்திருக்கிறார். அங்கேதான் பிசகு. கிக்ஸ்டார்ட்டர் என்பது இன்னும் செய்யாத சாமானுக்குப் பலரிடம் முன்கூட்டியே காசு சேர்க்கிற கூட்டு நிதித் தளம். 2009இல் தொடங்கிய அது 2012இலேயே “நாங்கள் கடை இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கூட்டு நிதிக்குக் காசு போடுகிறவருக்குப் பங்கும் கிடையாது, கடையில் வாங்கியவருக்கு இருக்கிற பிடியும் கிடையாது. நம்ம ஊர்ச் சீட்டிலாவது பிடிக்கிறவரின் வீடு எந்த ஒழுங்கையில் என்று தெரியும்.

ஏமாற்றுகிற எண்ணம் இல்லாமலே கவிழ்ந்தவை நிறைய. 2014இல் “கூலெஸ்ட் கூலர்” என்று ஒரு ஐஸ் பெட்டி, ஜூஸ் அடிக்கிற பிளெண்டரும் ஸ்பீக்கரும் சேர்ந்தது, 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1 கோடி 30 இலட்சம் டொலரைத் தாண்டிக் கொடுத்தார்கள். பெட்டி ஒன்றைச் செய்யக் கணக்குப் போட்டதைவிடச் செலவு கூடிவிட்டது. காசு போட்டவர்கள் காத்திருக்க, கொம்பனி அதே பெட்டியைக் கூடின விலைக்கு அமேசனில் விற்றது. 2019 கடைசியில் கொம்பனி மூடப்பட்டபோது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. பிரித்தானியாவின் “ஸானோ” குட்டி டிரோனும் அப்படித்தான், 12,000 பேர், 23 இலட்சம் பவுண், 2015 நவம்பரில் கொம்பனி படுத்துவிட்டது. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்த வேண்டி வந்தது.

வேண்டுமென்றே செய்ததாக வழக்குக்குப் போனவையும் உண்டு. பற்றரி வைத்த “ஐபேக்பேக்” என்ற முதுகுப்பைக்குச் சேர்ந்த 8 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தில் பெரும்பங்கை நடத்தியவர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்தார் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2019இல் வழக்குப் போட்டது.

எனக்குப் பிடித்தது “டிரைட்டன்”. 2016இல் இண்டிகோகோ என்ற இன்னொரு கூட்டு நிதித் தளத்தில் வந்தது. வாயில் கடித்துக்கொண்டால் மீனைப்போல் தண்ணீரிலேயே மூச்சு விடலாமாம், சிலிண்டர் தேவையில்லையாம். கடல் தண்ணீர் ஒரு லீட்டரில் கரைந்திருக்கிற ஒட்சிசன் ஆறேழு மில்லிகிராம். சும்மா இருக்கிற மனிதனுக்கே நிமிடத்துக்கு 50 லீட்டர் தண்ணீரை வடிகட்டி ஒரு துளி விடாமல் உறிஞ்ச வேண்டும், நீந்தினால் அதைவிடப் பல மடங்கு. கையளவு குழாய்க்குள் இது நடக்குமா? நம்ம கடலில் மூழ்கிக் கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க 50 மீற்றருக்குக் கீழே இறங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் இலட்சக்கணக்கான டொலர் சேர்ந்தது, கேள்வி கிளம்பியதும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், கொஞ்சக் காலத்துக்குள் திருத்திய கதையோடு மறுபடியும் காசு கேட்டார்கள், அதற்கும் ஆட்கள் கொடுத்தார்கள்.

உங்கள் இயர்போனுக்கு வருவோம். “வேறு பெயரில் கடையில் கிடக்கிறது” என்கிறீர்களே, அது ஏற்கெனவே மொத்தச் சந்தையில் இருந்த சாமானாக இருந்திருக்கலாம். அதற்கு ஒரு அழகான வீடியோ எடுத்து, “நாங்கள் கண்டுபிடித்தோம்” என்று கூட்டு நிதிக்கு விடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கிக்ஸ்டார்ட்டரின் விதிப்படி உண்மையான மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பொருள் என்று காட்டக்கூடாது, ஆனால் விதி இருக்கிறது என்பதற்காக எல்லோரும் கேட்கிறார்கள் என்று இல்லையே. மருமகன் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்பியூட் (கட்டின காசைத் திருப்பிக் கேட்கிற முறைப்பாடு) போடச் சொல்லுங்கள், இரண்டு வருடம் போய்விட்டதால் நான் பெரிய நம்பிக்கை தரமாட்டேன். நீங்கள் போட இருந்த காசைப் போடாதீர்கள். அந்தச் சாமான் உண்மையிலேயே நல்லதென்றால் ஒரு வருடத்தில் கடைக்கு வரும், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி: பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு பெட்டி. உண்மையா?
– களுவாஞ்சிகுடி

பதில்: பொய். உள்ளே ஒரு கப்பாசிட்டரும் ஒரு பச்சை லைட்டும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும், அந்தக் கப்பாசிட்டர் யூனிட்டைக் குறைக்காது. பச்சை லைட் எரிகிற செலவும் உங்கள் பில்லில்தான் சேரும்.

கேள்வி: புதிய ஸ்மார்ட் வாட்ச் கொம்பனியில் 25,000 போட்டால் மாதம் 5,000 வரும், இரண்டு பேரைச் சேர்த்தால் போனஸ் என்று மச்சான் சொல்கிறார். சேரலாமா?
– சம்மாந்துறை

பதில்: வருடத்துக்கு 60,000. போட்ட காசின் இரண்டரை மடங்கு கிட்ட. இப்படி இலாபம் வருகிற கொம்பனி வங்கியில் கடன் எடுக்காமல் உங்கள் மச்சானைத் தேடி ஏன் வருகிறது? ஆள் சேர்த்து ஓடுவது பிரமிட். 1988ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவில் தடைசெய்யப்பட்டது, நடத்துகிறவர் மட்டுமில்லை, பரப்புகிறவரும் மாட்டுவார். மச்சானிடம் அதைச் சொல்லுங்கள், உறவு முறியாத மாதிரி.

கேள்வி: பிள்ளைக்கு இருதய சத்திரசிகிச்சை, 18 இலட்சம் தேவை என்று வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர். உம்மா வளையலை வைத்தாவது கொடுக்கச் சொல்கிறா. ஆனால் அதே பிள்ளையின் படம் வேறு கணக்கு இலக்கத்தோடும் வந்தது.
– ஏறாவூர்

பதில்: இரண்டு இலக்கம் என்றாலே நிறுத்துங்கள். பிள்ளை உண்மையாக இருக்கும், நோயும் உண்மையாக இருக்கும், போஸ்டரின் அடியில் இருக்கிற கணக்கு மட்டும் வேறொருவனுடையது. படத்தில் எழுத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

கணக்கின் பெயரும் பெற்றோரின் பெயரும் ஒன்றா, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட், என்ன திகதி என்று கேளுங்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கோ கிராம சேவகருக்கோ ஒரு கோல் எடுத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், நம்ம பக்கத்தில் ஆளை ஆள் தெரியாத ஊர் இல்லை. தனியார் ஆஸ்பத்திரி என்றால் பில் இலக்கத்தைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கே நேரடியாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள். உண்மையான பெற்றோர் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். கோபித்துக்கொண்டு “அல்லாஹ்வுக்குப் பயமில்லையா” என்று கேட்கிறவர்தான் பெரும்பாலும் மோசடி ஆள். ஒன்லைனில் உதவிக் காசு சேர்க்கிற கோஃபண்ட்மீ தளத்தின் இணைப்பு வந்தால், இலங்கையிலிருந்து நேரடியாக அதைத் தொடங்கிக் காசு எடுக்க முடியாது என்பது நினைவில் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற ஒருவர்தான் காசை எடுப்பார், அவர் யார் என்று கேளுங்கள்.

கோஃபண்ட்மீயிலும் மோசடி நடக்காமல் இல்லை. 2017இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், வீடில்லாத ஒருவர் தன் கடைசி 20 டொலரில் ஒரு பெண்ணுக்குப் பெற்றோல் வாங்கிக் கொடுத்தார் என்ற கதைக்கு 4 இலட்சம் டொலர் சேர்ந்தது. அடுத்த வருடம் பார்த்தால் கதையே கட்டுக்கதை, அவரும் அந்தப் பெண்ணும் பெண்ணின் காதலனும் மூன்று பேரும் கூட்டு. கொடுத்தவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்தது. நம்ம ஊரில் கணக்குக்கு நேரே போட்ட காசு அப்படித் திரும்பாது. உம்மாவின் வளையல் கையிலேயே இருக்கட்டும், விசாரித்து முடியும் வரைக்கும்.

கேள்வி: புளூடூத் ஸ்பீக்கர் ஓடர் பண்ணினேன், பார்சல் வந்ததும் காசைக் கொடுத்தேன், திறந்தால் உள்ளே பழைய சார்ஜர். அவர்களுடைய பக்கத்தில் என்னைப் பிளொக் பண்ணிவிட்டார்கள்.
– பொத்துவில்

பதில்: பார்சலின் மேல் ஒட்டியிருந்த துண்டை வீசிவிடாதீர்கள், அனுப்பினவரின் பெயரும் பார்சல் இலக்கமும் அதில் இருக்கும். உடனே கூரியர்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள், சில இடங்களில் வாங்கின காசை அனுப்பினவருக்குச் சில நாள் கழித்துத்தான் கொடுப்பார்கள், அதற்குள் மறித்துவிட்டால் அதிர்ஷ்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், அம்பாறைக் கச்சேரியில் விசாரித்தால் அவர்களுடைய மாவட்ட அலுவலர்களைப் பிடிக்கலாம். பார்சல் துண்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், சட் பண்ணினது எல்லாவற்றையும் பிரதி எடுத்து இணையுங்கள். பக்கமே போலி என்றால் கணினி, இணைய மோசடிகளைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்துக்கு 101இல் அறிவிக்கலாம்.

அடுத்த தடவை பார்சல் வந்தால் காசைக் கொடுத்ததும் திறக்கும்போதே வீடியோ எடுங்கள், துண்டு தெரிகிற மாதிரி. ஓடர் போட முதல் பேஸ்புக் பக்கத்தின் “பக்க வெளிப்படைத்தன்மை” பகுதியையும் ஒருக்கால் தட்டிப் பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கினது, பெயர் எத்தனை தரம் மாறினது, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அதில் கிடக்கும். சமையல் குறிப்புப் பக்கமாகத் தொடங்கி ஸ்பீக்கர் கடையாக மாறினதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.