ஒரே ஜூனில் இரண்டு தீர்ப்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் லிபர்டேரியன்களும் மாநில உரிமை பேசுகிறவர்களும் ஒரே குரலில் வாஷிங்டனைத் திட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? நம்மூர் மாநில சுயாட்சியும் அந்த வகைதானா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

திட்டு வாங்குவது ஒருவர்தான், திட்டுகிற காரணம் வேறு. தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தி, ஓர் அதிகாரம் எந்த அரசுக்காவது இருக்கலாமா என்று கேட்பவர் லிபர்டேரியன். அது எந்த அரசிடம், மத்தியிலா மாநிலத்திலா, இருக்க வேண்டும் என்று கேட்பவர் மாநில உரிமைக்காரர். நம்மூர்க் கோரிக்கை இரண்டாவது வகை. 1974இல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய சுயாட்சித் தீர்மானம் டெல்லியிடமிருந்து அதிகாரத்தைக் கேட்டது. அரசையே சுருக்கச் சொல்லவில்லை.

2005 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதினேழு நாள் இடைவெளியில் தந்த இரண்டு தீர்ப்புகளைப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

ஜூன் 6, கொன்சாலஸ் எதிர் ரெய்ச். கலிஃபோர்னியா மக்கள் 1996இல் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்திருந்தார்கள். வழக்காடியவர்களில் ஒருவரான டயான் மான்சன், முதுகுவலிக்காக வீட்டில் ஆறு செடி வளர்த்தார். 2002இல் சோதனைக்கு வந்த உள்ளூர் காவலர்கள் மாநிலச் சட்டப்படி தப்பில்லை என்றார்கள். கூட வந்த மத்திய அதிகாரிகள் ஒப்பவில்லை, மத்திய சட்டத்தில் கஞ்சாவுக்குத் தடை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பின் ஆறு செடியும் அழிந்தன. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியல் சாசனம் தந்த அதிகாரத்தைத்தான் மத்திய அரசு காட்டியது. விற்காத செடி எப்படி அந்த வணிகமாகும்? அதற்கு 1942 தீர்ப்பு ஒன்று கைவசம் இருந்தது. ஃபில்பர்ன் என்ற ஒஹையோ விவசாயிக்கு மத்திய அரசு தந்தது 11.1 ஏக்கர் கோதுமைக்குத்தான் அனுமதி. 23 ஏக்கர் போட்டார். உபரி சொந்தப் பண்ணைக்கு என்று சொல்லியும் அபராதம் நின்றது. எல்லோரும் இப்படிச் செய்தால் சந்தை விலை ஆடும் என்பது நீதிமன்றத்தின் கணக்கு. அதே கணக்கில் ரெய்ச் வழக்கிலும் 6-3 என்று மத்திய அரசு வென்றது. இதுவரை உங்கள் இரு தரப்பும் ஒரே பக்கம், தீர்ப்புக்கு எதிராக.

ஜூன் 23, கீலோ எதிர் நியூ லண்டன். கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகரம், ஃபோர்ட் டிரம்புல் பகுதி வீடுகளைக் கையகப்படுத்தக் கிளம்பியது. சாலைக்கோ பள்ளிக்கோ அல்ல. ஹோட்டல், அலுவலகங்கள், அவற்றால் வரும் வரி, வேலை. சுசெட் கீலோ விற்க மறுத்தார். 5-4 என்று நகரம் வென்றது. இங்கே வீட்டைக் கேட்டது வாஷிங்டன் இல்லை. மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரத்தோடு வந்த நகராட்சி. மாநில உரிமைக்காரர் தன் கொள்கைப்படி 'உள்ளூர் விஷயம், மத்திய நீதிமன்றம் ஒதுங்கி நிற்கட்டும்' என்றே சொல்லியாக வேண்டும். லிபர்டேரியனோ அதே மத்திய நீதிமன்றத்தின் வாசலில் நின்று, உள்ளே புகுந்து தடுக்கச் சொல்கிறார். (நீதிபதிகள் ஒகானர், ரென்க்விஸ்ட், தாமஸ் மூவரும் இரண்டு தீர்ப்பிலும் மாறுபட்டார்கள். ரெய்ச்சில் மத்திய அரசுக்கு வாக்களித்த நீதிபதி ஸ்காலியா, கீலோவில் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.)

மாநில உரிமைக்காரரிடமும் ஒரு பதில் உண்டு, லேசானதல்ல. வேண்டுமானால் மாநிலங்கள் விதியைக் கடுமையாக்கிக்கொள்ளலாம் என்று கீலோ தீர்ப்பே சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் சட்டத்தை மாற்றின. அதற்குள் ஃபோர்ட் டிரம்புலில் வீடுகள் போய்விட்டன. சொன்ன ஹோட்டலும் வரவில்லை, நிலம் பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது.