பிரிஸ்டல் கடிகாரத்தின் இரண்டாவது முள்

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் லண்டனில் இருக்கப்போகிறேன். என் பள்ளித் தோழி பிரிஸ்டலில் குடியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை தனியாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாம் என்று ஆசை. ‘போகவர ரயிலிலேயே மூன்றரை மணி நேரம் வீணாகும், லண்டனையே சுற்றிப் பார்’ என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகி, கரூர்)

பதில்: நேரம் என்றதும் எனக்கு பிரிஸ்டல் கார்ன் ஸ்ட்ரீட் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே வணிகர்கள் கூடிய பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு நிமிட முள் இரண்டு. ஒன்று லண்டன் நேரம் காட்டும், மற்றது பிரிஸ்டல் நேரம். லண்டனுக்கு மேற்கே இருப்பதால் பிரிஸ்டலில் சூரியன் உச்சிக்கு வர பத்து நிமிடம் கூடுதலாகும். ரயில் வரும்வரை இது யாரையும் உறுத்தவில்லை. ஊருக்கு ஊர் தன் சூரியனைப் பார்த்து மணி சொன்னது. 1841-ல் லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுதாகத் திறந்தபோதுதான் சிக்கல். ரயில் லண்டன் நேரப்படி கிளம்பிவிடும். உள்ளூர் மணியை நம்பி வந்தவர் பிளாட்பாரத்தில் நிற்பார். பிரிஸ்டல்காரர்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. 1852-ல்தான் நகரம் லண்டன் நேரத்துக்கு மாறியது. நாடு முழுவதற்கும் அதுவே சட்டப்படியான நேரம் என்று ஆனது 1880-ல். இன்றும் அந்தக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஓடுகின்றன.

சென்னைக்கும் சொந்த நேரம் இருந்தது. இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்தபோது நம் ஊர் மணி ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. சென்னையில் ஒரு பொதுக் கடிகாரத்திலாவது அந்த இரண்டாவது முள்ளைப் பொருத்த வேண்டும். யாராவது பொருத்தும்வரை இந்தப் பக்கத்தில் இதை எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவசியம் போங்கள். ‘ஒரே நாளில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று யாராவது எழுதிய பட்டியலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அந்தப் பட்டியல்களோடு எனக்குப் பழைய பகை. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒன்றோடு பிரிஸ்டலுக்குப் போனேன். கல்லூரி நண்பன் ஸ்டேஷனில் காத்திருந்தான். கிளிஃப்டன் தொங்கு பாலம், எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல், துறைமுகம் என்று ஆறு மணி நேரம் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தேன். திரும்ப ரயில் ஏற பத்து நிமிடம் இருக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்து, தன் அம்மா இறந்துபோனதைச் சொன்னான். காலையிலிருந்து அதைச் சொல்ல அவனுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அந்த ரயிலை நான் விட்டிருக்கலாம். டிக்கெட் அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்று ஏறிவிட்டேன்.

அதனால் டிக்கெட்டில் கவனமாக இருங்கள். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறித்த ரயிலில்தான் ஏற வேண்டும். போவதற்கு அது போதும். வருவதற்கு ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) டிக்கெட் வாங்குங்கள். பேச்சு முடியவில்லை என்றால் அடுத்த ரயிலில் வரலாம். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஏறி பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸில் இறங்குங்கள். பார்க்வே என்று இன்னொரு ஸ்டேஷன் உண்டு, அது ஊருக்கு வெளியே. சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடந்தால் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இடத்துக்கு மட்டும் தோழியோடு நடந்து போங்கள், ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம். 1833 செப்டம்பரில் ராஜா ராம்மோகன் ராய் பிரிஸ்டலுக்குப் போனதும் நண்பர்களோடு தங்கத்தான். அந்த ஊருக்கு ரயில் வராத காலம். போன இடத்தில் நோய் கண்டு, அதே மாதம் 27-ம் தேதி இறந்தார். முதலில் நண்பர்கள் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். பத்து வருடம் கழித்து ஆர்னோஸ் வேலுக்கு மாற்றினார்கள். தாகூரின் தாத்தா துவாரகாநாத் அங்கே எழுப்பிய மண்டபம் நம் ஊர்க் கல்மண்டபம் போலவே இருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அப்புறம், தோழிக்கு கரூர் தட்டுவடை கொண்டுபோங்கள். பால்கோவா வேண்டாம், பால் பண்டங்களை நம் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குள் எடுத்துப் போக அனுமதி இல்லை.