மதீரா தீவு: மேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகல் தீவான மதீராவுக்குப் போக நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அக்கா, லிஸ்பனோடு சேர்த்துப் போகிறோம். மதீராவுக்கு மூன்று நாள் போதுமா?

வரைபடத்தில் பார்த்தால் போதும் என்றுதான் தோன்றும். நீளம் சுமார் 57 கிலோமீட்டர், அகலம் 22. ஆனால் அந்தச் சின்ன அகலத்துக்குள் நிலம் 1,862 மீட்டர் உயர்ந்து மறுபக்கம் கடலுக்கு இறங்குகிறது. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் முட்டி மேகமாகத் தேங்கிவிடும். தெற்கே தலைநகர் ஃபுன்ஷாலில் வெயில் காயும்போதே வடகரையில் மழை பெய்யும். மூன்றே நாள் என்றால், மேகம் ஒரு நாளைத் தின்றாலும் மலை கைவிட்டுப் போய்விடும். ஐந்து நாள் வையுங்கள். மலைக்கென்று தேதி குறிக்காதீர்கள். உச்சிகளில் நேரலைக் கேமராக்கள் உண்டு. காலையில் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊரை மேகம் மூடியிருந்தாலும் உச்சி மேகத்துக்கு மேலே தெளிவாக இருக்கலாம்.

அரியெய்ரோ சிகரத்திலிருந்து தீவின் மிக உயரமான ருய்வோ சிகரத்துக்கு நடக்க முடியுமா?

தீவின் மிகச் சிறந்த நடை அதுதான். பாறையில் வெட்டிய படிகளும் சுரங்கங்களுமாக ஒருவழி ஏறக்குறைய 7 கிலோமீட்டர். 2024 ஆகஸ்டில் அந்த மலைப்பகுதியில் காட்டுத்தீ பரவியது. பாறைச் சரிவுக்காகவும் பாதையை மூடுவார்கள். போவதற்கு முன் அரசின் அறிவிப்பைப் பாருங்கள், தடுப்பைத் தாண்டிப் போகவே வேண்டாம். மூடியிருந்தால் அஷாடா டு டெய்ஷெய்ரா பக்கமிருந்து போங்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான கல் பாவிய பாதை ருய்வோ வரை போகிறது.

அம்மாவுக்கு 65 வயது, முழங்கால் வலி உண்டு. லெவாடா பார்க்க ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

கட்டாயம் கூட்டிப் போங்கள், ஆனால் எந்த லெவாடா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லெவாடா என்பது மலையைச் சுற்றி வரும் வாய்க்கால். ஈரமான வடக்கிலிருந்து வறண்ட தெற்கின் கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 15-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டத் தொடங்கினார்கள். இன்றும் அந்தத் தண்ணீரில்தான் வாழையும் திராட்சையும் விளைகின்றன, மின்சாரமும் எடுக்கிறார்கள். தண்ணீர் மெல்லிய சரிவில் ஓடவேண்டும் என்பதால் கரையோரப் பாதையும் சமதளம் போலவே இருக்கும். முழங்காலுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பல இடங்களில் பாதை ஓரடி அகலம்தான், பக்கத்திலேயே பள்ளத்தாக்கு.

அம்மாவுக்கு ரிபெய்ரோ ஃப்ரியோவிலிருந்து பல்கோயெஸ் வரை போகும் பாதை சரியாக இருக்கும். ஒருவழி ஒன்றரை கிலோமீட்டர், அகலமான பாதை. முடிவில் மலைச்சிகரங்கள் தெரியும் மேடை இருக்கிறது, சின்னக் குருவிகள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். வழியெல்லாம் லாரல் என்ற பசுமைமாறா மரங்களின் காடு. ஒரு காலத்தில் தென் ஐரோப்பாவில் பரவியிருந்த காட்டின் மிச்சம் அது. 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரங்கள் மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குத் தருகின்றன. தீவின் தண்ணீருக்கு அதுவும் ஒரு ஊற்று. அதனால் ஒரு கிளையைக்கூட ஒடிக்காதீர்கள். கால்தெய்ராவ் வெர்தே லெவாடாவை நீங்கள் மட்டும் போய் வாருங்கள். சுரங்கங்கள் இருட்டு, டார்ச் தேவை.

கார் எடுக்கலாமா சார்?

சார் இல்லை, அக்காதான்! எடுக்கலாம். அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும். நெடுஞ்சாலையும் சுரங்கங்களும் சுலபம், ஊருக்குள் ஏற்றங்கள்தான் கடினம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாகக் கேளுங்கள், இன்ஜின் மிகச் சிறியதாக வேண்டாம்.

எந்த ஊரை விடலாம்?

சந்தானாவின் கூம்புக் கூரை வீடுகளுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ருய்வோ போகிற வழியில் பார்த்தால் போதும். கூர்ரால் தஸ் ஃப்ரெய்ராஸை விடாதீர்கள். 1566-ல் கடற்கொள்ளையர் ஃபுன்ஷாலைத் தாக்கியபோது கன்னியாஸ்திரீகள் ஓடி ஒளிந்த பள்ளத்தாக்கு அது. மேலே காட்சிமேடையில் நின்று பார்த்தால், ஏன் அங்கே ஒளிந்தார்கள் என்று புரியும். கமாரா டி லோபோஸ் மீனவர் ஊர். 1950-ல் சர்ச்சில் உட்கார்ந்து ஓவியம் வரைந்த இடம். சாயங்காலம் போங்கள்.

கடலில் குளிக்க?

பெரும்பாலும் பாறைக் கரைதான். போர்ட்டோ மோனிஸில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன. அலை பெரிதாக இருக்கும் நாளில் இறங்காதீர்கள். நீண்ட மணற்கரைதான் வேண்டுமென்றால் கப்பலேறிப் போர்ட்டோ சாந்தோ தீவுக்குப் போகவேண்டும்.

நாங்கள் சைவம். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். பூண்டு வெண்ணெய் தடவிய போலோ டு காக்கோ ரொட்டி, வறுத்த சோளமாவுத் துண்டுகள், பழங்கள் எங்கும் உண்டு. சூப் மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், இறைச்சி சேர்த்திருப்பார்கள்.

விமானம் இறங்குவது பயமாக இருக்கும் என்கிறார்களே?

ஓடுபாதையின் ஒரு பகுதி கடலோரம் தூண்களின் மேல் நிற்கிறது; 2000-ல் அப்படி நீட்டினார்கள். அங்கே இறங்கத் தனிப்பயிற்சி பெற்ற விமானிகள்தான் வருகிறார்கள், பயம் வேண்டாம். காற்று அதிகமானால் இறக்காமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்தை, மதீராவிலிருந்து கிளம்பும் அதே நாளில் போடாதீர்கள். முந்தின நாளே லிஸ்பன் வந்து ஓர் இரவு தங்குங்கள்.